வெள்ளி நாட்டு யாத்திரை

"பேராக்" என்ற மலாய்ச் சொல்லுக்கு "வெள்ளி" என்று பொருள். மலேசியாவின் வடமேற்கில் சுமார் 21,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் 25 லட்சம் ஜனங்களும் உள்ள ராஜ்யம் ஒன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் வந்த காரணம் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. கதை எதுவாயினும் சரி, அந்த மண்ணை வெட்டியவர்களின் கூடையில் நிரம்பியது வெள்ளியன்று, வெள்ளீயம். ஈயத்துக்குப் பிறகு ரப்பர் வந்தது. ஈயம் தோண்டச் சீனத்திலிருந்து கூட்டங் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர் கப்பலேறினார்கள். மூங்கிலும் நெல்லும் மீனுமாக ஆற்றங்கரைகளில் வாழ்ந்திருந்த மலாய் மக்கள், தங்கள் நாடு இருபது முப்பது வருஷங்களுக்குள் உருமாறியதைக் கண்டார்கள்.

இன்று ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்துவிட்டன. ரப்பர்த் தோட்டங்களிலும் பெரும்பகுதி செம்பனைக் காடாகிவிட்டது. அப்படியானால் அத்தனை பேருடைய உழைப்பில் இப்போது மிஞ்சி நிற்பது எது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் பேராக்கைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டோம்.

ஈப்போ நகரம்

கோலாலம்பூரில் மின்சார ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ராஜ்யத்தின் தலைநகரான ஈப்போவில் இறங்கலாம். ஊர் நெருங்குவதை ஸ்டேஷன் பலகை அறிவிப்பதற்கு முன்பே மலைகள் அறிவித்து விடுகின்றன. சமவெளியில் திடீர் திடீரென்று செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள் அவை. மழை அரித்த வெண்பாறையும், இடுக்குகளில் தொற்றி நிற்கும் பசுமையும், உட்புறமெல்லாம் குகையுமாக இருக்கின்றன. குகை கண்ட இடத்தில் கோயில் கட்டுவது ஆசியா முழுவதற்கும் பொதுவான வழக்கம் போலும். சீனர்கள் புத்தரைக் குடியேற்றினார்கள். நம்மவர் முருகனைக் குடியேற்றினார்கள். 1889-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் கல்லுமலைச் சுப்பிரமணியர் ஆலயத்துக்குத் தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து காவடிகள் புறப்பட்டு வரும்போது, அது எந்தத் தேசம் என்பதை ஒரு கணம் நினைவுபடுத்திக் கொள்ளத்தான் வேண்டும்.

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பால் கொடிய விஷம்; காட்டில் வாழும் ஆதிகுடிகள் ஊதுகுழல் அம்புகளில் தோய்க்கப் பயன்படுத்தியது. ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்தின் வம்சத்தில் ஒன்றை ரயில் நிலையத்துக்கு எதிரே வளர்த்திருக்கிறார்கள். அந்த நிலையமோ சாமான்யமானதன்று. 1917-இல் முடிந்த அந்த வெள்ளை மாளிகையை ஹப்பக் என்ற சிற்பி வரைந்தார். கும்மட்டமும் வளைவுகளுமாக இருப்பதால், "ஈப்போவின் தாஜ்மஹால்" என்று ஜனங்கள் அழைக்கிறார்கள்.

நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் 1909-இல் எழுப்பிய மணிக்கூண்டு ஒன்று உண்டு. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெஸிடெண்டான பெர்ச் என்பவரின் ஞாபகார்த்தம் அது. 1874 ஜனவரியில் பங்கோர் தீவருகே ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி சுல்தானுக்கு "ஆலோசனை" கூற ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். மதத்தையும் மலாய் வழக்கத்தையும் தவிர மற்ற எல்லா விஷயங்களிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டே ஆகவேண்டும் என்பது நிபந்தனை! இத்தகைய ஆலோசனை எப்படி முடியும் என்பதை நமது சமஸ்தானங்களின் சரித்திரம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1875 நவம்பர் 2-ஆம் தேதி, பாசிர் சாலாக் என்னுமிடத்தில் ஆற்றங்கரையில் பெர்ச் குத்திக் கொல்லப்பட்டார். அதற்காக மகாராஜா லேலா, டத்தோ சாகோர் முதலிய மலாய்ப் பிரபுக்களைத் தூக்கிலிட்டார்கள். சுல்தான் அப்துல்லாவைக் கடல் கடந்த செஷல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். இப்போது அந்த மணிக்கூண்டு நிற்கும் வட்டாரத்து வீதிகளின் பெயர் என்ன தெரியுமா? டத்தோ சாகோர் வீதி, டத்தோ மகாராஜா லேலா வீதி. மணிக்கூண்டை யாரும் இடிக்கவில்லை. வீதியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதைச் சரித்திரத்துக்கே விட்டுவிட்டார்கள். இந்த முறை நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

காப்பியும் கடலையும்

காப்பி விஷயத்தில் தமிழருக்குள்ள கர்வம் உலகறிந்தது. ஆகவே ஈப்போவின் "வெள்ளைக் காப்பி"யை நாம் சற்று இளக்காரமாகவே எதிர்கொண்டோம். பெயரில்தான் வெள்ளை, நிறம் வெளிர்ப் பழுப்பு. மற்ற இடங்களில் காப்பிக் கொட்டையைச் சர்க்கரை சேர்த்துக் கருக வறுப்பார்களாம். இங்கே மார்கரினில் மட்டும் வறுத்து, கெட்டிப்பால் கலந்து, நுரை ததும்பக் கொடுக்கிறார்கள். ஹைனான் தீவுச் சீனர்கள் நடத்திய பழைய கடைகளில் பளிங்கு மேஜைமுன் அமர்ந்து அதைப் பருகவேண்டும். கும்பகோணத்துக்குத் துரோகம் செய்யாமலே ஒன்று சொல்லலாம்: இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினோம்.

மாமிசம் உண்ணும் நேயர்களுக்கு ஈப்போவின் வேகவைத்த கோழியும், முளைகட்டிய பயறும், வழுவழுப்பான அரிசி நூடுல்ஸும் சிபார்சு செய்யப்படுகின்றன. பயறு இங்கே குட்டையும் பருமனுமாக முளைப்பதற்குச் சுண்ணாம்பு மலைத் தண்ணீரே காரணம் என்று ஊரார் பெருமை பேசுகிறார்கள். சைவ நேயர்கள் மனம் தளர வேண்டாம். அருகிலுள்ள தம்புன் கிராமத்துப் பம்பிளிமாஸ் பழம் அவர்களுக்காகவே சாலையோரமெங்கும் தொங்குகிறது.

ஆனால் நம் நெஞ்சைத் தொட்ட பலகாரம் வேறு. புந்தோங் பகுதியில் "கச்சாங் பூத்தே கம்பம்" என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. கச்சாங் பூத்தே என்றால் வெள்ளைக் கடலை. கம்பம் என்றால் கிராமம். எட்டயபுரத்திலிருந்து சென்றவர்கள் அமைத்த ஊர் அது என்று கூறுகிறார்கள். கடலையும் பயறும் வறுத்து, முறுக்கும் ஓமப்பொடியும் பிழிந்து, தலையில் சுமந்து விற்ற குடும்பங்கள் அவை. பிறகு சைக்கிள் வந்தது. அப்பால் மோட்டார் வந்தது. இப்போது பொட்டலங்கள் நாடெங்கும் போகின்றன. ஒரு வீட்டு வாசலில் அம்மாள் ஒருவர் முறுக்குச் சுற்றிக் கொண்டிருந்தார். "ஊர் நினைவு வருவதுண்டா, அம்மா?" என்று கேட்டோம். "எந்த ஊர், தம்பி? இதுதானே ஊர்!" என்றார்; கை மட்டும் நிற்கவேயில்லை. முறுக்கில் எள்ளின் மணம் கோவில்பட்டிப் பக்கத்து மணமாகவே இருந்தது. மலாய்ப் பெயரில் தமிழ்ப் பலகாரத்தைச் சீன வாடிக்கைக்காரர் வாங்கிப் போவதையும் அங்கே நின்று பார்த்தோம்.

கோட்டையும் கோயிலும்

ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜா செல்லும் வழியில், சிறு ஓடையின் மேட்டில், செங்கல் மாளிகை ஒன்று பாதி கட்டிய நிலையில் நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பரில் பெரும் பொருள் ஈட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற துரை, 1915-ஆம் ஆண்டு வாக்கில் தன் இல்லத்தைக் கோட்டையாக விஸ்தரிக்கத் தொடங்கினார். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் தருவித்தார். அவர்கள் பாடுபட்டுக் கொண்டிருக்கையில் உலகத்தையே உலுக்கிய விஷக் காய்ச்சல் அங்கும் வந்தது. பலர் மாண்டனர். மற்றவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள்; துரை சம்மதித்தார். கோயில் எழுந்தது. நன்றி மறவாத நம்மவர், தேவ உருவங்களுக்கு நடுவே துரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள். கோட்டும் தொப்பியுமாக அவர் அங்கே நிற்கிறார்.

1926-இல் லிஸ்பன் நகரத்துக்குச் சென்ற துரை அங்கேயே நோயுற்று இறந்தார். கோட்டை அப்படியே நின்றுவிட்டது. இன்று அதைக் காண உல்லாசப் பிரயாணிகள் சீட்டு வாங்கிக் கொண்டு போகிறார்கள். ஜன்னல் வைக்காத ஜன்னல்களில் நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். பக்கத்திலுள்ள மாரியம்மனுக்கோ இன்றும் விளக்கு எரிகிறது. பொருள் படைத்தவன் தனக்கென்று கட்டியது பாழாகி வேடிக்கைப் பொருளாயிற்று. கூலியாட்கள் கேட்டு வாங்கியது உயிரோடு இருக்கிறது. நம் கேள்விக்கு முதல் விடை அந்த இடத்தில் கிடைத்தது.

அங்கிருந்து மேலும் தெற்கே தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் வாரும் பழைய இயந்திரக் கப்பல் ஒன்றைக் கண்டோம். 1938-இல் கட்டியது, எடை 4,500 டன். தான் தோண்டிய குளத்தில் தானே மிதந்து, வாளிச் சங்கிலியால் அடிமண்ணை வாரி, உள்ளே சலித்து, கழிவைப் பின்புறம் தள்ளிக்கொண்டு முன்னேறும் விசித்திர மிருகம் அது. அதற்கு முன்னாலும், அதன் காலத்திலும், முழங்கால் நீரில் நின்று மரத்தட்டால் மண்ணை அலசிய சீனப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்ததும் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. தோண்டிய பள்ளங்கள் இப்போது ஏரிகள். சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள், சிலவற்றில் தாமரை பூக்கிறது.

நத்தையாற்று நகரம்

ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் என்ற சிறு பட்டணம். பெயருக்கு நத்தையாறு என்று பொருள். ஆனால் அதன் சரித்திரம் நத்தை வேகத்தில் நடந்ததன்று. சுற்றுப்புறமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டமெல்லாம் தமிழர் லயங்கள். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, இருட்டில் மரத்தடிக்குச் சென்ற வாழ்க்கை அது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. பிறகும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் அதற்கும் தடை விதித்தது. யுத்தத்தில் ஜப்பானியர் வந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள், திரும்பாதவர்களுக்குக் கணக்கில்லை. அதே காலத்தில், 1943-இல், நேதாஜியின் அழைப்பைக் கேட்டு மலாயாத் தோட்டப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள் என்பதையும் மறக்கலாகாது. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த ஊருக்கருகே மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிரகடனமான அவசர நிலை, 1960 வரை நாட்டை வாட்டியது.

இந்த ஊரில் பிறந்தவர் வீ. தி. சம்பந்தன். அவருடைய தந்தையார் தமிழ்நாட்டிலிருந்து சென்று பாடுபட்டு முன்னுக்கு வந்தவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பயின்று, பின்னர் சுதந்திர மலாயாவின் மந்திரிகளில் ஒருவரானார். 1954-இல் அவர் முயற்சியால் இங்கே எழுந்த தமிழ்ப் பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்று பெயர். 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றதை அடுத்து, அயல்நாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். தோட்டம் கைமாறினால் தொழிலாளிக்கு வேலை மட்டுமா போகும்? வீடு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாமே தோட்டத்துக்குள்தான்! அப்போது சம்பந்தன் தோட்டந் தோட்டமாகச் சென்று, "துண்டாடப்படும் நிலத்தை நாமே வாங்குவோம்" என்ற எண்ணத்தைத் தொழிலாளரிடம் விதைத்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மலேசியத் தமிழர் ரிங்கிட் நாணயத்தை "வெள்ளி" என்றே சொல்வது வழக்கம். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பேராக் என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான உரையை எந்தப் புலவரும் எழுதியதில்லை.

பேராக் ராஜ்யத்தில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. தோட்டங்களைவிட்டுக் குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் சில பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை மெலிந்திருக்கிறது. சில பள்ளிகளைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே மாற்றியிருக்கிறார்கள். பள்ளி தோட்டத்தோடு அழியாமல் பிள்ளையோடு நகரவேண்டும் என்பதுதான் அங்குள்ள பெரியவர்களின் இன்றைய கவலை. அது நியாயமான கவலை.

அரச நகரில் ஒரு மரம்

பேராக் ஆற்றின் கரையில் கோலகங்சார் அமைந்திருக்கிறது. சுல்தான்களின் நகரம், ஆடம்பரமில்லாத அழகு. பொற்கும்மட்டம் தாங்கிய உபுடியா மசூதியும் ஹப்பக் சிற்பி வரைந்ததே. அதுவும் 1917-இல் முடிந்தது. கட்டி வரும்போது இரண்டு யானைகள் சண்டையிட்டு இத்தாலியப் பளிங்குக் கற்களை மிதித்து நொறுக்கிவிட்டன என்றும், மறுபடி கல் தருவிக்க யுத்தம் குறுக்கிட்டது என்றும் கூறுகிறார்கள். அண்டையிலுள்ள சாயோங் கிராமத்தில் சுரைக்காய் வடிவில் கரிய மண் கூஜாக்கள் செய்கிறார்கள். நம் மண்பானையைப் போலவே நீரைக் குளிர வைக்கும். ஆற்றங்கரைக் கடைகளில் மீன்குழம்பில் மிதக்கும் லக்ஸாவும், பேராக்குக்கே உரிய ரெண்டாங் தோக் என்ற வறட்டிய மசாலா இறைச்சியும் கிடைக்கின்றன. விசேஷ நாட்களில் மூங்கிலில் வேகவைத்த தேங்காய்ப்பால் சோற்றுடன் அதை உண்கிறார்கள்.

ஆனால் நாம் முக்கியமாகக் காண விரும்பியது ஒரு மரத்தை. 1876-இல் பிரேஸிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகள் சென்றன. அங்கு முளைத்த கன்றுகளின் வழிவந்த ஒன்பதை 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற ரெஸிடெண்ட் நட்டார். அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. வேலியிட்டு, பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். முதிர்ந்த மரம், பட்டை முழுவதும் வடுக்கள். இந்த மரமும் இதன் தோழர்களும் தழைத்திராவிட்டால், கங்காணி நம் கிராமங்களுக்கு வந்திருக்கமாட்டான். எத்தனையோ தாய்மார்கள் நாகப்பட்டினம் துறைமுகத்தில் நின்று அழுதிருக்கமாட்டார்கள். மரத்தின் மேல் கோபம் கொள்வதற்கில்லை. ஆயினும் அதன் நிழலில் அதிக நேரம் நிற்க மனம் வரவில்லை.

தைப்பிங் மழை

ஈயத்துக்காக இரண்டு சீனக் கூட்டத்தார் பத்துப் பன்னிரண்டு வருஷம் வெட்டி மடிந்த இடம் லாருட். 1874-இல் சண்டை ஓய்ந்ததும் அங்கு எழுந்த பட்டணத்துக்குத் தைப்பிங் என்று பெயரிட்டார்கள். சீனத்தில் "நிலைத்த சமாதானம்" என்று பொருள். 1937-இல் தலைநகர் அந்தஸ்து ஈப்போவுக்குப் போய்விட்டதால் சமாதானம் மேலும் அதிகமாயிற்று. வருஷத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை! மாலையில் எந்த மணிக்கு மழை பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவார்களாம். கைவிட்ட ஈயக் குழிகளை 1880-ஐ ஒட்டிய வருஷங்களில் ஏரித் தோட்டமாக மாற்றினார்கள். கரையிலுள்ள தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. காயத்தை அழகாக ஆற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மழைக்குப் பின்னும் வெயிலுக்குப் பின்னும் தைப்பிங்கில் செண்டோல் குடிக்கவேண்டும்: தேங்காய்ப் பால், பனைவெல்லம், பச்சை நிற மாவு இழைகள், பொடித்த பனிக்கட்டி.

ஏரிக்கு அப்பால் யுத்த மயானம் இருக்கிறது. சாலையின் இருபுறமும் வரிசை வரிசையாக 800-க்கு மேற்பட்ட வீரர்கள். ஒருபுறம் கிறிஸ்தவர்கள், மறுபுறம் பெரும்பாலும் இந்தியப் படையினர். பாதிக்கு மேற்பட்ட கற்களில் பெயரே கிடையாது. அடையாளம் தெரியாத போர்வீரன் என்ற வாசகம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. மழை பிடித்துக்கொண்டது, நாம் அசையாமல் நின்றோம்.

தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன்

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி ஓடியது. தைப்பிங்கிலிருந்து கடலோரத்திலுள்ள போர்ட் வெல்ட் வரை சுமார் எட்டு மைல் தூரம். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு போவதே நோக்கம். பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படையைத் தருவித்தார்கள். பிற்காலத்தில் மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத் தமிழர் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் நிறைந்திருந்ததும், பாதையில் கல் உடைத்துக் கட்டை தாங்கியவர்களில் தென்னாட்டுத் தமிழர் நிறைந்திருந்ததும் யாவரும் அறிந்ததே.

போர்ட் வெல்ட் இன்று கோல செபத்தாங் என்ற மீன்பிடி ஊர். சுற்றிலும் நூறு வருஷத்துக்கு மேலாக முறையாகப் பேணப்படும் மாத்தாங் கண்டல் காடு. முப்பது வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி, மறுபடி வளரவிட்டு, செங்கல் கூண்டுச் சூளைகளில் கரி சுடுகிறார்கள். உள்ளே மரம் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்பதைப் புகையைக் கொண்டே சூளைக்காரர் கூறிவிடுகிறார். இறால் போட்ட குழம்பு நூடுல்ஸ் அவ்வூரின் பிரசித்தமான காலை உணவு.

அந்தக் கடைத்தெருவின் நடுவில்தான் நாம் தேடி வந்தது இருந்தது. ஸ்டேஷன் போய்விட்டது, தண்டவாளம் பெயர்த்தெடுத்துப் பல காலம் ஆகிறது. பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. போர்ட் வெல்ட் என்ற அந்த அன்னிய கவர்னரின் பெயரை நான்கு எழுத்துக்களில் தீட்டியிருக்கிறார்கள்: ஆங்கிலம், மலாய் மொழிக்குரிய ஜாவி, சீனம், தமிழ்.

ரயிலில் போன ஈயம் எந்த நாட்டில் எந்தக் கூரைத் தகடாயிற்றோ! லாபம் எந்தப் பாங்கியில் உறங்குகிறதோ! பாதை போட்டவர்களின் பெயரை யாரும் எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை. ஆனால் அவர்கள் படித்து இறங்குவதற்காக எழுதிய எழுத்து இருக்கிறது. மாரியம்மன் கோயில் இருக்கிறது. காந்தி கலாசாலை இருக்கிறது. புந்தோங்கில் எள் மணக்கும் முறுக்கு இருக்கிறது. பேராக்குக்குப் போகும் நேயர்கள் சுண்ணாம்பு மலைகளையும் பொற்கும்மட்டத்தையும் அவசியம் காணட்டும். அப்படியே ஒரு தமிழ்ப் பள்ளியின் வாசலிலும் சிறிது நேரம் நின்று, உள்ளேயிருந்து வரும் ஆத்திசூடியின் ஓசையைக் கேட்டுவிட்டு வரட்டும். வெள்ளி நாட்டில் நம்மவர் சேர்த்த செல்வம் அதுதான்.